எசமான்களும் அறிந்திருந்த நீதி

பிறர் நம்மிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோமோ அப்படியே நாமும் பிறரிடம் நடந்துகொள்ள வேண்டும் என்னும் நெறிக்குப் பொன்விதி என்று பெயர். சீனத்தில் கன்பூசியஸ் இதைச் சொன்னார். மகாபாரதத்தில் இது வருகிறது. யூத அறிஞர் ஹில்லேல், மலைப்பொழிவில் இயேசு, இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் என்று இதைச் சொன்னவர்களின் வரிசை நீளமானது. அறநூல் மேடைகளில் இந்த வரிசையைச் சொல்லி, மனிதகுலம் முழுவதும் ஒரே நீதியில் ஒன்றுபட்டிருக்கிறது பாருங்கள் என்று மகிழ்வது வழக்கம். வரலாறு படிப்பவருக்கு அந்த மகிழ்ச்சி எளிதில் வாய்ப்பதில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக எல்லா நாட்டாரும் அறிந்த நீதி என்றால், அந்த நாடுகள் எல்லாவற்றிலும் அடிமைமுறை எப்படி நிம்மதியாக வாழ்ந்தது? குறள் பிறந்த மண்ணில்தான் பழவேற்காட்டிலிருந்து டச்சுக் கம்பெனியின் கப்பல்கள் 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் தமிழ் மக்களை அடிமைகளாக ஜாவாத் தீவின் பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றன. தஞ்சையின் வயல்களில் பண்ணையடிமைகள் உழைத்தார்கள். அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற சட்டம் இந்தியாவில் 1843இல்தான் வந்தது. ஆகவே பொன்விதி உலகெங்கும் இருந்தது என்பதை நிறுவுவதில் பெரிய பயன் இல்லை. அது எப்போது வேலை செய்தது, எப்போது செய்யாமல் கிடந்தது, வேலை செய்யத் தொடங்கியபோது அதனோடு வேறு என்ன வந்து சேர்ந்தது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

இந்தக் கேள்விகளுக்கு விடை தேட, தேதியோடும் கையெழுத்தோடும் சான்றுகள் எஞ்சியிருக்கும் ஓர் இடம் உண்டு. அது அமெரிக்காவின் பென்சில்வேனியா. 1681இல் இங்கிலாந்து அரசர் வில்லியம் பென் என்ற குவேக்கருக்கு அந்த நிலப்பரப்பை எழுதிக் கொடுத்தார். குவேக்கர்கள் இங்கிலாந்தில் தங்கள் நம்பிக்கைக்காகச் சிறைப்பட்டவர்கள். ஆயுதம் எடுக்க மாட்டார்கள், சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள், பிரபுக்களைக் கண்டாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். எல்லா மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பது அவர்களுடைய அடிப்படைக் கொள்கை. பென் தன் குடியேற்றத்தில் மனச்சான்றின் சுதந்திரத்துக்கு இடம் கொடுத்ததால் ஐரோப்பாவில் துன்புறுத்தப்பட்ட பல குழுக்கள் அங்கே போயின. ஜெர்மானியப் பகுதியின் கிரேஃபெல்ட் ஊரிலிருந்து பதின்மூன்று குடும்பங்கள் 1683 அக்டோபரில் பிலடெல்ஃபியாவில் இறங்கி, பக்கத்திலேயே ஜெர்மன்டவுன் என்ற ஊரை உருவாக்கின. அவர்களில் பெரும்பாலோர் துணி நெய்பவர்கள். அதற்கு அடுத்த ஆண்டே இசபெல்லா என்ற கப்பல் ஏறத்தாழ 150 ஆப்பிரிக்கர்களை அதே துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. வாங்கியவர்களில் குவேக்கர்களும் இருந்தார்கள். பென்னிடமே அடிமைகள் இருந்தார்கள். எல்லா மனிதருக்குள்ளும் ஒளி உண்டு என்று நம்பியவர்கள், அந்த ஒளி உள்ள மனிதர்களை விலைபேசி வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

1688 ஏப்ரல் 18 அன்று ஜெர்மன்டவுனைச் சேர்ந்த நால்வர் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள். சட்டம் படித்த ஃபிரான்சிஸ் டானியல் பாஸ்டோரியஸ், கேரிட் ஹென்ட்ரிக்ஸ், டெரிக் ஓப் டென் கிராஃப், அவருடைய சகோதரர் ஆபிரகாம் ஆகியோரே அந்த நால்வர். வட அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றங்களில் ஒரு சமயக் குழுவின் முன் வைக்கப்பட்ட முதல் அடிமைமுறை எதிர்ப்பு ஆவணம் அதுதான். அதன் ஆங்கிலம் தட்டுத் தடுமாறியது, வந்து ஐந்து ஆண்டுகூட ஆகாதவர்களின் ஆங்கிலம். அதன் தர்க்கமோ தடுமாறவில்லை. எடுத்த எடுப்பிலேயே அது பொன்விதியை முன்வைத்து, இப்படி நடத்தப்பட, வாழ்நாள் முழுதும் விற்கப்பட உங்களில் யாராவது சம்மதிப்பீர்களா என்று கேட்கிறது. கடலில் அந்நியக் கப்பலைக் கண்டால் துருக்கியர் பிடித்து அடிமையாக விற்றுவிடுவார்களோ என்று நம் ஆட்கள் எவ்வளவு நடுங்குகிறார்கள் என்பதை நினைவூட்டுகிறது. பிறப்பு, வம்சம், நிறம் எதையும் பார்க்காமல் அந்த நெறி எல்லாருக்கும் பொருந்தும் என்கிறது. ஆளைத் திருடுகிறவனும் திருடப்பட்ட ஆளை வாங்குகிறவனும் ஒன்றுதானே என்கிறது. இங்கே மனச்சான்றுக்குச் சுதந்திரம் உண்டென்றால் உடலுக்கும் இருக்க வேண்டாமா என்று கேட்கிறது. இந்த மனிதர்கள் ஒருநாள் தங்கள் விடுதலைக்காக எழுந்து போராடினால், எசமான்கள் வாளெடுத்து அவர்களை அடக்குவார்களா, அப்படிப் போராடும் உரிமை இவர்களுக்கு இல்லையா என்றும் கேட்கிறது. ஆயுதம் தொடாத குவேக்கர்களிடம் இதைக் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

அந்தத் தாளில் என்னைக் கவர்வது துருக்கியர் பற்றிய வரிகளே. அவற்றைப் பேச்சழகுக்காகச் சேர்த்தவை என்று எண்ணிவிடக் கூடாது. வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் ஐரோப்பியரைப் பிடித்து அல்ஜியர்ஸ் போன்ற துறைமுகங்களில் விற்பது அந்தக் காலத்தின் அன்றாடச் செய்தி. 1680களில் குவேக்கர்கள் சிலரே அல்ஜியர்ஸில் அடிமைகளாக இருந்தார்கள். லண்டன் குவேக்கர்கள் அவர்களை மீட்கப் பணம் திரட்டினார்கள். இடம் மாற்றிப் பார் என்று பொன்விதி சொல்லும்போது, கேட்பவருக்கு அந்த மாற்றம் வெறும் கற்பனையாக இருந்தால் நெறி காற்றில் போய்விடும். ஜெர்மன்டவுன்காரர்கள் இடமாற்றத்தை உண்மையாக நேரக்கூடிய ஒன்றாக எழுதினார்கள். நீ இந்த இருக்கையில் உட்காரும் நாள் வரலாம், உன் சகோதரன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறான் என்றார்கள். தன் நிலை ஒருபோதும் புரளாது என்று நம்புகிறவனிடம் இந்த விதிக்கு வலு மிகக் குறைவு. அதிகாரத்தில் இருப்பவர் எல்லா நாட்டிலும் அப்படித்தான் நம்புகிறார். அதனால்தான் இந்த விதி கீழே இருப்பவர்களுக்கு நன்றாகப் புரிகிறது, மேலே இருப்பவர்களுக்குப் பாடமாக மட்டும் இருக்கிறது.

அந்த விண்ணப்பம் குவேக்கர்களின் உள்ளூர் மாதக் கூட்டத்துக்குப் போனது. இது எங்களால் தீர்க்க முடியாத அளவுக்குக் கனமான விஷயம் என்று சொல்லி அவர்கள் காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கும் அதே சொல். பர்லிங்டனில் கூடிய ஆண்டுக் கூட்டத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. ஆண்டுக் கூட்டம், இதற்கு வேறு பல காரியங்களோடு தொடர்பு இருப்பதால் இப்போது முடிவு சொல்வது பொருத்தமில்லை என்று பதிவு செய்து கோப்பில் வைத்துவிட்டது. யாரும் அந்த நால்வரின் வாதத்தை மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொன்விதி தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை, இங்கே பொருந்தாது என்றும் சொல்லவில்லை. மறுக்க முடியாததை ஒத்திவைத்தார்கள். 1693இல் ஜார்ஜ் கீத் என்பவரும் அவரோடு பிரிந்துபோனவர்களும் அதே நெறியைச் சொல்லி அடிமை வாங்குவதைக் கண்டித்து ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டார்கள். 1696இல் ஆண்டுக் கூட்டம், இனிமேல் அடிமைகளைக் கொண்டுவருவதை ஊக்குவிக்க வேண்டாம் என்று மென்மையாக அறிவுரை சொன்னது. அவ்வளவுதான். கூட்டத்தை நடத்தியவர்களில் பலரே அடிமைகளின் உடைமையாளர்கள். ஜெர்மன்டவுன் தாள் மறக்கப்பட்டு, 1844இல்தான் மீண்டும் கண்ணில் பட்டது. அந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மலைப்பொழிவு ஒரு வாரமும் வாசிக்கப்படாமல் இருந்திருக்காது.

அடுத்த தலைமுறையில் இந்த நெறியைக் கையில் எடுத்தவர் பெஞ்சமின் லே. கூன் முதுகும் நான்கடி உயரமும் உள்ள மனிதர், முன்னாள் மாலுமி. பார்படோஸ் தீவில் கடை வைத்திருந்தபோது கரும்புத் தோட்ட அடிமைகளின் பசியை நேரில் பார்த்தவர். பிலடெல்ஃபியாவுக்கு வடக்கே அபிங்டனில் ஒரு குகைபோன்ற வீட்டில், அடிமை உழைப்பில் விளைந்த எதையும் உண்ணாமல் உடுத்தாமல் வாழ்ந்தார். பொன்விதியைப் பிரசங்கிப்பதில் பயனில்லை, அதை உடலில் உணரவைக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. ஒரு பனிக்காலத்தில் கூட்டம் நடக்கும் இடத்தின் வாசலில் ஒரு காலை வெறுங்காலாகப் பனியில் புதைத்து நின்றார். உள்ளே போகிறவர்கள் உடம்பு கெட்டுவிடும் என்று பதறினார்கள். என்மேல் இவ்வளவு இரக்கம் காட்டுகிறீர்களே, உங்கள் வயல்களில் பனிக்காலம் முழுதும் அரைகுறை உடையோடு நடக்கும் அடிமைகள்மேல் ஏன் காட்டுவதில்லை என்று கேட்டார். அண்டை வீட்டார் ஓர் ஆப்பிரிக்கச் சிறுமியை அடிமையாக வைத்திருந்தார்கள். லே அவர்களுடைய மகனை ஒரு நாள் முழுதும் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, தேடி அலைந்த பெற்றோரிடம், அந்தச் சிறுமியைப் பெற்றவர்களின் வேதனை இப்போது தெரிகிறதா என்றார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1738இல் பர்லிங்டன் ஆண்டுக் கூட்டத்தில் உள்ளீடு வெட்டிய புத்தகத்துக்குள் சிவந்த பழச்சாறு நிரப்பிய பையை வைத்து வாளால் குத்தினார், சாறு சுற்றியிருந்தவர்கள்மேல் இரத்தம்போலத் தெறித்தது. குவேக்கர்கள் அவரைச் சங்கத்திலிருந்து விலக்கினார்கள்.

சிறுவனை மறைத்துவைத்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். அந்தப் பிள்ளைக்கும் ஒரு மனம் உண்டு, அதை லே எண்ணியதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்த குறை உண்மையானது. அண்டை வீட்டார் பிள்ளைப்பாசம் இல்லாதவர்கள் இல்லை. இடம் மாற்றிப் பார்க்கும் திறன் அவர்களிடம் இருந்தது, லேயின் காலுக்காகப் பதறினார்களே. அந்தத் திறன் யாரிடம் போய் நிற்கிறது என்பதில்தான் கோளாறு. பொன்விதி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது, யாரிடம் என்று சொல்வதில்லை. அதன் வாக்கியத்தில் பிறர் என்ற இடம் வெற்றாக இருக்கிறது, சமூகம் தனக்கு வேண்டியவர்களை அங்கே நிரப்பிக்கொள்கிறது. ஜெர்மன்டவுன் நால்வர் நிறம், வம்சம் பாராமல் என்று தனியே எழுத வேண்டியிருந்ததற்குக் காரணம் அதுவே. இந்தக் குறை விதியின் ஓரத்தில் ஒட்டிய தூசு என்று சிலர் சொல்வதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்புவதுதான் ஒவ்வொரு காலத்திலும் சண்டையின் முழு வடிவமாக இருந்திருக்கிறது.

லேயைவிட அதிகம் சாதித்தவர் ஜான் வூல்மன். 1720இல் பிறந்தவர், நியூ ஜெர்சியின் மவுன்ட் ஹோலியில் கடைச் சிப்பந்தியாக இருந்து பிறகு தையல் தொழில் செய்தவர். இளமையில் அவருடைய முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்று, அதற்கான விலைப்பத்திரத்தை எழுதும்படி அவரிடம் சொன்னார். வாங்குகிறவர் முதிய குவேக்கர் ஒருவர். வூல்மன் மனம் கசந்து எழுதிக் கொடுத்தார், ஆனால் அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ நெறிக்குப் பொருந்தாது என்று இருவர் முன்னாலும் சொல்லிவிட்டார். அடுத்த முறை வேறொருவர் கேட்டபோது எழுத மறுத்துவிட்டார். உயில் எழுதித் தருவதில் கைதேர்ந்தவர் என்பதால் அக்கம்பக்கத்தார் அவரிடம் வருவார்கள். அடிமைகளைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் வரி வந்தால் பேனாவை வைத்துவிடுவார், சண்டை போடாமல் காரணத்தை விளக்குவார். சிலர் அந்த மறுப்பைக் கேட்டே அடிமைகளை விடுவித்தார்கள். தெற்கே பயணம் போனபோது தன்னை உபசரித்த வீடுகளில் தனக்குப் பணி செய்த அடிமைகளுக்குக் கூலியாகப் பணம் கொடுத்தார். 1754இல் வெளியான அவருடைய நூல், நம் முன்னோரும் நாமும் தலைமுறை தலைமுறையாக அடிமைத்தனத்தில் கிடந்து, படிப்பும் நல்ல துணையும் இல்லாமல் வளர்ந்திருந்தால் நாம் எப்படி இருந்திருப்போம் என்று வாசகரை எண்ணிப்பார்க்கச் சொல்கிறது. இங்கே பொன்விதி ஆழமாகிறது. இன்றைய என் ஆசைகளோடு, என் படிப்போடு, என் பெருமிதத்தோடு உன் இடத்தில் நின்று பார்ப்பது போதாது. உன்னை உருவாக்கிய காலம் முழுவதையும் ஏற்றுக்கொண்டு நிற்க வேண்டும் என்கிறார். அடிமைகளைச் சோம்பேறிகள் என்று பழித்த எசமான்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

அவரோடு சேர்ந்து உழைத்த அந்தோனி பெனசெட் ஃபிரான்சிலிருந்து தப்பி வந்த புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளை. 1750இலிருந்து மாலை நேரங்களில் தன் வீட்டிலேயே கறுப்பினச் சிறுவர்களுக்குப் பாடம் நடத்தினார், 1770இல் அவர்களுக்கென்று ஒரு பள்ளி அமைய வழிசெய்தார். வெள்ளைப் பிள்ளைகளிடம் கண்ட அதே அறிவுத்திறனை இவர்களிடமும் கண்டேன் என்று ஆசிரியராக நின்று சாட்சி சொன்னார். நூல்களை வைத்துப் பேசியவர்களுக்கு இல்லாத பலம் அந்தச் சாட்சிக்கு இருந்தது. அவர் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துப் பேசினார். 1758இல் பிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் அசைந்தது. அடிமை வைத்திருக்கும் உறுப்பினர்களின் வீடு தேடிப் போய்ப் பேச ஒரு குழுவை அமைத்தது, வூல்மன் அதில் ஒருவர். வாங்கி விற்பவர்கள் சங்கத்தின் காரியங்களில் கலந்துகொள்ளக் கூடாது என்று விதித்தது. 1774இல் வாங்கி விற்பவர்களையும் 1776இல் அடிமையை விடுவிக்க மறுப்பவர்களையும் சங்கத்திலிருந்து விலக்க முடிவெடுத்தது. ஜெர்மன்டவுன் விண்ணப்பத்திலிருந்து எண்ணினால் எண்பத்தெட்டு ஆண்டுகள். பொன்விதிக்கு அந்த எண்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு சொல்லும் கூடவில்லை. கூடியவை வேறு. எழுத மறுத்த கை, வீடு தேடி வந்த குழு, விலக்கப்படுவோம் என்ற அச்சம், வகுப்பில் கேட்ட குரல்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதைப் பொருளாதார வரலாற்றாளர்கள் வலுவாகவே வைப்பார்கள். பென்சில்வேனியா கோதுமை விளையும் நாடு. கரோலினாவின் நெல் வயல்களும் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களும் அடிமைகளை நம்பியிருந்த அளவுக்கு அது நம்பியிருக்கவில்லை. ஆகவே விடுவது எளிது, நெறியைக் காரணமாகச் சொல்லிக்கொண்டார்கள் என்பது அந்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. இழக்க அதிகம் இல்லாத இடத்தில் நல்ல சொல் விரைவில் காதில் விழும். ஆனால் காலத்தைப் பார்த்தால் அந்த வாதம் தடுமாறுகிறது. ஏழாண்டுப் போரின்போது ஒப்பந்தக் கூலிகளைப் படை இழுத்துக்கொண்டதால் பிலடெல்ஃபியாவில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அதனால் அடிமை இறக்குமதி அந்த நகரத்தின் வரலாற்றிலேயே மிக அதிகமானது 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அடிமைகளுக்கான தேவை உச்சத்தில் இருந்த அதே வேளையில் குவேக்கர்கள் வாங்குவதைத் தடுத்தார்கள். லாபம் அவர்களை அந்தப் பக்கம் தள்ளவில்லை. போர்க்காலத்தில் தங்கள் அமைதிக் கொள்கையைக் காக்க 1756இல் குவேக்கர் பலர் சட்டமன்றத்திலிருந்து விலகியிருந்தார்கள், அதிகாரம் கைவிட்டுப் போன துக்கம் அவர்களைத் தங்கள் நடத்தையையே சோதிக்க வைத்தது என்று சொல்வது கூடுதல் பொருத்தம். சூழல் கதவைத் திறந்தது என்று ஒப்புக்கொள்ளலாம். திறந்த கதவின் வழியே எது உள்ளே வந்தது என்பதைச் சூழல் தீர்மானிக்கவில்லை.

பொன்விதிக்கு எதிராக வைக்கப்பட்ட வாதங்களில் மிகக் கடுமையானது எசமான்களின் பக்கத்திலிருந்து வந்தது. 1822இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் டென்மார்க் வீசி என்ற விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் ஒரு கிளர்ச்சியைத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அவரோடு சேர்த்து 35 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டு முடியும்போது பாப்டிஸ்ட் சபைத் தலைவர் ரிச்சர்ட் ஃபர்மன் ஆளுநருக்கு ஒரு நீண்ட விளக்கம் எழுதினார். வேதம் அடிமைமுறையை அனுமதிக்கிறது என்பது அதன் சாரம். பொன்விதியை அவர் தவிர்க்கவில்லை, நேரே எதிர்கொண்டார். கடவுள் ஏற்படுத்திய ஒழுங்குக்கு எதிராக இந்த நெறியை இழுக்கக் கூடாது என்றார். தந்தை தன் மகன் தனக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று விரும்புகிறான், அதற்காகத் தந்தை மகனுக்குக் கீழ்ப்படிய வேண்டுமா என்று கேட்டார். எசமான் தான் அடிமையாக இருந்தால் எப்படி நடத்தப்பட விரும்புவானோ அப்படி அடிமையை நடத்தினால் போதும், அடிமையாகவே இல்லாமல் இருக்க விரும்புவானா என்ற கேள்வி எழவே எழாது என்பது அவர் வாதத்தின் போக்கு. அதே ஏடு, அதே வசனம், ஜெர்மன்டவுனுக்கு நேர் எதிரான முடிவு. ஒரு நெறி இரு பக்கமும் திரும்பும் என்றால் அதற்கு நெறி என்ற பெயர் தகுமா?

ஃபர்மனுக்கு முன்னே இம்மானுவேல் கான்ட் இதே பிளவைக் கண்டிருந்தார். 1785இல் வெளிவந்த தன் அறநூலின் ஓர் அடிக்குறிப்பில் அவர் இந்த நெறியை மிகச் சுருக்கமாக ஒதுக்குகிறார். குற்றவாளி நீதிபதியைப் பார்த்து, என் இடத்தில் நீங்கள் இருந்தால் தண்டிக்கப்பட விரும்புவீர்களா என்று கேட்டால் நீதிபதி என்ன சொல்வார் என்பது அவர் வைக்கும் சிக்கல்களில் ஒன்று. கான்ட் சொன்னதும் ஃபர்மன் சொன்னதும் அடியில் ஒரே கேள்விதான்: ஒருவருடைய விருப்பத்தை மட்டும் வைத்து நீதி சொல்ல முடியுமா? முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விதியைத் தூக்கி எறிய அது காரணமாகாது. நீதிபதி குற்றவாளியின் இடத்தில் மட்டும் நின்று பார்த்தால் போதாது, திருட்டுக்கொடுத்தவரின் இடத்திலும் நிற்க வேண்டும். அந்தச் சட்டத்தால் தொடப்படும் ஒவ்வொருவரின் இடத்திலும் நின்ற பிறகு, நான் குற்றம் செய்தாலும் இதே சட்டம் என்மேல் பாயட்டும் என்று அவரால் மனமறிந்து சொல்ல முடியும். தந்தையாலும் சொல்ல முடியும், அவரே ஒருகாலத்தில் மகனாக இருந்தவர், மகன் நாளை தந்தையாவான். எசமானால் சொல்ல முடியுமா? என் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் இன்னொருவனின் உடைமையாக இருக்கட்டும் என்று ஃபர்மன் ஒப்புவாரா? இடங்களைச் சுற்றிவரவிட்டால் தந்தை-மகன் உறவு நிற்கிறது, எசமான்-அடிமை உறவு நொறுங்குகிறது.

இதற்கும் ஃபர்மனைப் போன்றவர்களிடம் ஒரு பதில் இருந்தது. அடிமைகள் நல்ல எசமானிடம் நிறைவாகவே இருக்கிறார்கள், விடுதலை அவர்களுக்கு வேண்டியதில்லை என்பார்கள். பொன்விதி தனியாக நின்றால் இங்கே தோற்றுவிடும், ஏனென்றால் அது எசமானின் தலைக்குள்ளேயே நடக்கும் விசாரணை. அடிமையின் மனத்தை எசமான் ஊகிக்கிறான், தனக்கு ஆதாயமான ஊகத்தையே செய்கிறான். ஆனால் ஊகிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிலடெல்ஃபியாவில் நடத்திய பென்சில்வேனியா கெசட் பத்திரிகையில் ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசு என்ற விளம்பரங்கள் தொடர்ந்து வந்தன. உயரம், உடை, உடம்பின் தழும்பு, பேசும் மொழி என்று எசமானே காசு கொடுத்து அச்சிட்ட அந்த வரிகள், அடிமைகள் என்ன விரும்பினார்கள் என்பதற்கான வாக்குமூலம். 1773 முதல் 1777 வரை மாசசூசெட்ஸின் கறுப்பின மக்கள் தங்கள் பெயரில் அரசுக்கு விண்ணப்பங்கள் எழுதி விடுதலையைத் தங்கள் இயற்கை உரிமை என்று கேட்டார்கள். அடிமையாக இருந்து தன்னை விலை கொடுத்து மீட்டுக்கொண்ட ஒலாடா ஈக்வியானோ 1789இல் லண்டனில் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்றில், பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களைப் பார்த்துப் பொன்விதியைச் சொல்லியே கேள்வி கேட்டார். விதி அதுவேதான். சொல்லும் வாய் மாறியதும் தப்பிக்கும் வழி அடைபட்டது. ஆகவே இந்த நெறியைத் திருத்தி எழுதச் சொன்னால் நான் ஒன்றை மட்டும் சேர்ப்பேன்: அவர் இடத்தில் நின்று எண்ணிப்பார்ப்பதற்கு முன், அவரிடம் கேள்.

துன்பப்பட்டவர்களுக்கு இது தானே விளங்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. பெனசெட்டின் குடும்பத்தைப் போலவே ஃபிரான்சிலிருந்து மதக்கொடுமைக்குத் தப்பி வந்த ஹியூகனாட்டுகள் பலர் தென் கரோலினாவில் பெரிய அடிமை உடைமையாளர்கள் ஆனார்கள். சிறைப்பட்டு வந்த குவேக்கர்களே இசபெல்லா கப்பலில் ஆள் வாங்கியதைப் பார்த்தோம். பட்ட துன்பம் பிறர் துன்பத்தைக் காட்டும் என்பது உறுதியில்லை. அதேபோல, எல்லாரிடமும் கேள் என்றால் எசமானின் விருப்பத்தையும் கேட்க வேண்டாமா, அவனும் தன் சொத்தை இழக்க விரும்பமாட்டானே என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். கேட்கத்தான் வேண்டும். அவனுடைய குரல் கேட்கப்படாமல் இருந்த நாளே இல்லை, சட்டமன்றமும் மேடையும் பத்திரிகையும் அவனுடையவை. கேட்காமல் விடப்பட்ட குரல் எது என்று தேடிப் போவதுதான் இந்த நெறி கேட்கும் உழைப்பு. இரண்டு குரலும் மேசைக்கு வந்த பிறகு, இழப்பது பணமா உயிரின் முழு வாழ்வா என்று நிறுத்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது.

பென்சில்வேனியா 1780இல் படிப்படியான விடுதலைச் சட்டத்தை இயற்றியது. அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் இயற்றியவற்றில் அதுவே முதலாவது என்று பாராட்டப்படுகிறது, பாராட்டலாம். ஆனால் அது அப்போது அடிமையாக இருந்த ஒருவரையும் உடனே விடுவிக்கவில்லை. அதன்பின் அடிமைத்தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகள் 28 வயது வரை எசமானுக்கு உழைத்துவிட்டு விடுதலை பெறலாம் என்றது. மாநிலத்தில் அடிமைமுறை முற்றிலும் ஒழிந்தது 1847இல். சட்டமன்றம் எசமான்களின் இழப்பைக் கணக்கிட்டது, 28 ஆண்டுகளை இழக்கும் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. குவேக்கர்களும் அடிமைகளை விடுவித்ததோடு நின்றார்கள். சாரா மேப்ஸ் டக்ளஸ் என்ற கறுப்பின ஆசிரியை தன் தாயோடு பிலடெல்ஃபியாவின் ஆர்ச் தெரு வழிபாட்டுக்கூடத்துக்குப் போய்வந்தவர். அங்கே கறுப்பினத்தவருக்கென்று தனி பெஞ்ச் இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார முயன்றவர்களை, அது இவர்களுக்கான இடம் என்று சொல்லி அங்கிருந்தவர்கள் விலக்கினார்கள். இதை அவர் 1837இல் ஒரு கடிதத்தில் எழுதி, வெளியே தெரியப்படுத்தினார். அடிமைமுறையை முதலில் கைவிட்ட சமயச் சங்கத்தில், விடுதலைக்கு அறுபது ஆண்டு கழித்தும், பொன்விதி அந்த பெஞ்சின் விளிம்பில் நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தில் அவருடைய தாயிடம் ஒருவராவது, உங்களுக்கு எங்கே உட்கார விருப்பம் என்று கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் பதில் கிடைத்திருக்கும். ஜெர்மன்டவுன் நால்வரின் தாள் இரண்டாம் முறை காணாமல் போய், 2005இல் மீண்டும் கிடைத்தது அதே ஆர்ச் தெருக் கட்டடத்தின் பாதுகாப்பு அறையில்தான்.